தோளில் விழுந்த கை

ரோப்கார் வரிசை ஒரு அடி நகர்ந்தது. செல்லக்கனியும் ஒரு அடி நகர்ந்தாள், நகரும்போதே தோளில் தொங்கிய துணிப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். உள்ளே வெள்ளைச் சட்டை பத்திரமாக இருந்தது. தூத்துக்குடியில் கஞ்சி போட்டுத் தேய்த்து, பழைய பேப்பரில் சுற்றி, டெல்லி, ஆக்ரா, ஹரித்துவார் என்று மடிப்புக் கலையாமல் இந்த முசூரி வரைக்கும் கொண்டுவந்தாயிற்று. இனி இந்த ஒரு மலைதான் பாக்கி. கூட வந்த சனமெல்லாம் மேலே போனால் பனிமலை தெரியுமா தெரியாதா என்று பறந்துகொண்டிருந்தது. இவள் ஒருத்திதான் வெளிச்சம் நிற்குமா, மேகம் இறங்கிவிடுமா, இந்த மனுஷன் குரங்குக் குல்லாவைக் கழற்றுவாரா என்று கிடந்து தவித்தாள். அவளுக்கு வேண்டியது ஒரே ஒரு படம். வீட்டுக்காரர் லிங்கதுரை தனியாக, தலையில் ஒன்றும் இல்லாமல், நேராகப் பார்த்து நிற்கிற படம். முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்தில் அப்படி ஒன்று வீட்டில் கிடையாது. கல்யாணத்தில் எடுத்ததில் அவள் பக்கத்தில் நிற்கிறாள், பிள்ளைக்குக் காது குத்தியதில் பிள்ளை மடியில் கிடக்கிறான், டெப்போவில் ரிட்டையர் ஆன அன்று எடுத்ததில் மாலையும் சால்வையுமாக முகமே தெரியவில்லை. ஆதார் கார்டில் இருக்கிற முகத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. ஊரில் ஸ்டூடியோவுக்குக் கூப்பிட்டால் இப்ப என்னத்துக்கு என்று கேட்பார். அந்தக் கேள்விக்கு இருந்த பதிலைச் சொல்ல முடியாது. டூர் வந்த இடத்தில் யாரும் எதற்குப் படம் என்று கேட்கமாட்டார்கள். அதற்காகத்தான் இமயமலை. சீ, உயிரோடு நிற்கிற மனுஷனுக்குச் சுவரில் மாட்டப் படம் தேடுகிறோமே, நம்மைப்போல ஒரு பாவி உண்டா என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே பையை மறுபடியும் தொட்டாள்.

லிங்கதுரை வரிசையில் இல்லை. எங்கே இருப்பார் என்று தேட வேண்டியதும் இல்லை, எங்கே போர்டு இருக்கிறதோ அங்கே இருப்பார். வந்து இறங்கியதிலிருந்து அதே வேலைதான். மால் ரோடில் ஒரு பழைய கட்டடத்தை விடவில்லை, சர்ச்சு வாசலில் கல்லில் வெட்டியிருந்ததை விடவில்லை, லைப்ரரிக்கு எதிரே நின்றுகொண்டு இது வெள்ளைக்காரன் கட்டினது கனி, நம்ம ஆளுக உள்ளயே வர முடியாதாம் அந்தக் காலத்துல என்று அவள் கேட்காமலே சொன்னார். பஸ் டெப்போவில் டைம் கீப்பராக இருந்தவருக்கு எழுதிப்போட்டது எதுவானாலும் ஒரு தரம் படித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கை அரிக்கும். கழிப்பிடக் கட்டண விவரத்தைக்கூட நின்று வாசித்த ஆள். இப்போதும் டிக்கெட் கவுண்டருக்குப் பக்கத்தில், கழுத்தில் மப்ளர், தலையில் குல்லா, கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, இங்கிலீஷ் போர்டை எழுத்து எழுத்தாக மேய்ந்துகொண்டிருந்தார். செல்லக்கனிக்கு அந்த முதுகைப் பார்க்கும்போதெல்லாம் வருகிற நினைப்பு இப்போதும் வந்தது. மதுரை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் அவளையும் மகன் செல்வதுரையையும் மட்டும் டாக்டர் உள்ளே கூப்பிட்டபோது, இந்த முதுகு வெளியே தனியாக நின்றதே, அங்கே எதிர்ச் சுவரில் ஒரு போர்டு இருந்ததே. இருந்ததா? வெள்ளையில் நீல எழுத்து. இருந்தது. என்ன நோய்க்கு உள்ள பிரிவு என்று தமிழிலும் எழுதியிருந்தது, அவளே வரும்போது பார்த்தாள், பார்த்துவிட்டுக் காலை எடுத்து வைக்க முடியாமல் நின்றாள். கக்கூஸ் போர்டைப் படிக்கிற மனுஷன் அதை மட்டும் படிக்காமலா இருந்திருப்பார்? இல்லை, அன்றைக்குக் கண்ணாடி கொண்டுபோகவில்லை. கொண்டுபோனாரா? சட்டைப் பையில் கண்ணாடிக்கூடு இருந்ததா இல்லையா என்பது மட்டும் எத்தனை தரம் யோசித்தாலும் நினைவுக்கு வரமாட்டேன் என்கிறது. வெளியே வந்து அல்சர்தானாம்ப்பா என்று செல்வதுரை சொன்னான். அல்சரா, அப்ப சரி என்றார். அப்ப சரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எதையும் துருவித் துருவிக் கேட்கிறவர் அன்று ஏன் கேட்கவில்லை? இந்த இடத்துக்கு வந்ததும் எப்போதும்போல அவள் யோசனையை நிறுத்திக்கொண்டாள். எங்க போகணும்னு ஆசைப்பட்டாலும் கூட்டிட்டுப் போங்க என்று டாக்டர் சொன்னது எவ்வளவு தங்கமான பேச்சு என்று அந்த நிமிஷம் தோன்றியது. படி இறங்கும்போதுதான் அதன் அர்த்தம் விளங்கியது.

"அண்ணாச்சி, வரிசைக்கு வாங்க, அடுத்த பெட்டி நமக்குத்தான்" என்று டூர் நடத்துகிற குற்றாலிங்கம் சத்தம் போட்டான். "மேல போயி ஆளுக்கொரு பக்கமா போயிராதிய. சாப்பாட்டுக்குக் கீழ வந்திரணும். ரசம் ஆறிப்போச்சுன்னா சமையக்காரர் என்னயத்தான் ஏசுவாரு."

"வண்டிய நீ டயத்துக்கு எடு, நாங்க டயத்துக்கு வாரோம்" என்றார் லிங்கதுரை. சொல்லி முடிப்பதற்குள் குரல் இரண்டு இடத்தில் கிழிந்துவிட்டது. உடன்குடி, திசையன்விளை என்று அவர் மைக்கில் சொன்னால் டெப்போவுக்கு எதிரே இருக்கிற டீக்கடை வரைக்கும் கணீரென்று கேட்கும். கல்யாணமான புதிதில் காய் வாங்கப் போகிற சாக்கில் அதைக் கேட்கவே போயிருக்கிறாள். அந்தக் குரலைப் பிடித்து வைக்க யாருக்கும் தோன்றவில்லை, படம் பிடிக்க வேண்டும் என்றே இப்போதுதான் தோன்றுகிறது. அவர் வரிசைக்கு வந்து அவள் பின்னால் நின்றுகொண்டு, "கனி, மேல ஒரு பீரங்கி இருந்துச்சாம்ட்டி" என்றார். "மத்தியானம் ஆனா வெடிப்பானாம். அதக் கேட்டுத்தான் ஊரே கடிகாரத்தச் சரி பண்ணுமாம். அந்தக் காலத்து டைம் கீப்பர்." சிரித்தார், சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

பெட்டி தரையை விட்டதும் செல்லக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். கீழே தகரக் கூரைகளும் மரங்களும் நழுவிப்போவது மூடின கண்ணுக்குள்ளும் தெரிந்தது. கம்பி ஒரு தூணைத் தாண்டும்போது பெட்டி குலுங்கியது, அவளுக்கு அய்யாவின் படம் ஞாபகம் வந்தது. ஏன் வந்தது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, இந்த மூன்று மாதமாக எதைத் தொட்டாலும் அதுதான் வருகிறது. அவளைப் பெற்ற அய்யா நாற்பது வயசில் திடீரென்று போனபோது வீட்டில் படம் இல்லை. யாரோ ஒருவருடைய கல்யாணக் கூட்டப் படத்தில் மூன்றாவது வரிசையில் நின்றவரை வெட்டிப் பெரிசாக்கிக் கொண்டுவந்தார்கள். அய்யா முகம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பக்கத்தில் நின்ற யாரோ அவர் தோளில் கை போட்டிருந்தான், ஆளை வெட்டிவிட்டார்கள், கையை வெட்ட முடியவில்லை. மணிக்கட்டில் வாட்ச் கட்டிய ஒரு கை அய்யா தோளில் நின்றுபோயிற்று. யாருடைய கை என்று கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை. காரியம் முடிந்த அன்று ஒரு பக்கம் அம்மாவின் கை வளையலைக் கழற்றுகிறார்கள், இன்னொரு பக்கம் அந்தப் படத்தைச் சுவரில் ஏற்றுகிறார்கள். சின்னப் பிள்ளையாக இருந்த செல்லக்கனி இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். அய்யாவைத் தொட்டுக்கொண்டே இருந்த அம்மாவின் கை மூளியாக மடியில் கிடந்தது, யாரென்றே தெரியாதவன் கை அய்யாவின் தோளில் சொந்தம் கொண்டாடிக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அம்மா படத்தைத் துடைத்துச் சந்தனம் வைப்பாள். அய்யா நெற்றிக்கு வைக்கிறபோது அந்தக் கைமேலும் கொஞ்சம் வழியும். ராத்திரி பார்த்தால் அந்தக் கை அய்யாவை அந்தப் பக்கமாக இழுப்பதுபோல இருக்கும், கத்திக்கொண்டு எழுந்து உட்காருவாள். கல்யாணமாகி மறுவீடு வந்த லிங்கதுரை படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டுவிட்டு எழுந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார், பிறகு அவள் காதருகே வந்து, உங்க அய்யாவுக்கு எப்பவும் மணி பத்தேகால்தானாட்டி, வாட்ச்சப் பாரு என்றார். அவளுக்குக் கோபம் வந்தது, உடனே சிரிப்பும் வந்தது. அன்றிலிருந்து அந்தக் கையைப் பார்த்தால் பயம் வருவதில்லை. ஒரு பயத்தை ஒரு வார்த்தையில் எடுத்துப்போட்ட ஆள் இப்போது எதிரே உட்கார்ந்து, எத்தனை பேர் ஏறலாம் என்று பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டிருக்கிறார். இவருக்கு அப்படி ஆகக் கூடாது. எவன் கையும் இவர் தோளில் இருக்கக் கூடாது. அது ஒன்றுதான் இனி அவளால் ஆகக்கூடியது. மற்றது எதுவும் அவள் கையிலும் இல்லை, செல்வதுரை கையிலும் இல்லை, கும்பிட்டு வந்த எந்தச் சாமி கையிலும் இருப்பதாகத் தெரியவில்லை.

மேலே பீரங்கி இல்லை. பீரங்கி நின்ற இடத்தில் நூடுல்ஸ் கடையும் பலூன் சுடுகிற கடையும் இருந்தன. பனிமலையும் இல்லை. அது இருக்க வேண்டிய திசை முழுக்க வெள்ளையாக அடைத்திருந்தது. டெலஸ்கோப் வைத்திருந்தவன் அதற்குள் பார்த்தால் தெரியும் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தான், யாரும் போகவில்லை. லிங்கதுரை வேலியோரம் போய் நின்று அந்த வெள்ளையையே பார்த்தார். "தெரியலன்னாலும் அது அங்கனதான இருக்கு" என்றார். மலையைத்தான் சொல்கிறார், வேறு எதைச் சொல்வார். கழுத்தில் கேமரா தொங்க, கையில் மலைக்காரர் உடுப்புகளோடு ஒரு போட்டோக்காரன் வந்து, அங்கிள்ஜி, ஆன்ட்டிஜி என்று வழிமறித்தான். இந்த ஊர்த் தொப்பி, ஜரிகை மேல்சட்டை, ஒரு பொய்த் துப்பாக்கி, பூக்கூடை எல்லாம் காட்டினான். அவள் எதுவும் வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டுப் பையிலிருந்து பேப்பர் பொட்டலத்தை எடுத்தாள். தேசம் முழுக்கச் சுமந்துவந்து ஒத்திகை பார்த்த பொய் அந்த நேரம் பார்த்து மறந்துபோயிற்று.

"இந்தாங்க, இதப் போட்டுக்கிட்டு ஒரு படம் எடுத்துக்கிடுங்க. செல்வதுரை கேட்டான்."

"எனக்கு மட்டுமா? நீயும் வா."

"என் மூஞ்சி இருக்க லட்சணத்துக்கு நான் எதுக்கு. நீங்க நில்லுங்க."

"குளுருதுட்டி."

குளிரும். அவளுக்குத் தெரியாதா. காதில் காற்றுப் பட்டால் ராத்திரி முழுக்க இருமுவார், வீட்டில் மின்விசிறியைக்கூட அவள் விடுவதில்லை. இப்போது அவளே குல்லாவைக் கழற்று, மப்ளரை எடு, ஸ்வெட்டரை எடு என்கிறாள். மற்ற நாளாக இருந்தால் இந்த மனுஷனைக் குல்லாவைக் கழற்ற வைப்பதற்குள் பொழுது போய்விடும். இன்றைக்கு அவர் அவள் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு பேசாமல் ஒவ்வொன்றாகக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டார், கழுத்துப்பட்டை இரண்டு விரல் தள்ளி நின்றது, போன தீபாவளிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை. பையிலிருந்து சின்னச் சீப்பை எடுத்து வாரினார். திருநீறு இருக்கா என்று கேட்டார். அதையும் கொண்டுவந்திருந்தாள். அவர் பூசிக்கொண்டார். ஏன் இவ்வளவு சுலபமாகச் செய்கிறார்? ஏன் சண்டை போடவில்லை? ஒரு வார்த்தை ஏசியிருந்தால் அவள் நிம்மதியாக இருந்திருப்பாள். போட்டோக்காரன் வெள்ளையை முதுகுக்குப் பின்னால் விட்டு அவரை நிறுத்தினான். முதல் படத்துக்கு அவர் லேட்டாக வந்த டிரைவரைப் பார்ப்பதுபோல முறைத்தார். இரண்டாவதுக்குக் கண்ணை மூடிவிட்டார். ஸ்மைல், அங்கிள்ஜி, ஸ்மைல் என்று அவன் குதித்தான். மேகம் வேலியைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தது. சீக்கிரம், சீக்கிரம் என்று அவள் மனசுக்குள் அடித்துக்கொண்டாள். அவருக்கு உடம்பு உதறத் தொடங்கியது, உதட்டைக் கடித்துக்கொண்டு நேராக நின்றார், நிற்கிறாரே, எனக்காக நிற்கிறாரே என்று நினைத்த மாத்திரத்தில் படமும் வேண்டாம் சுவரும் வேண்டாம் என்று மனசு விட்டுப்போயிற்று. கையிலிருந்த மப்ளரை விரித்துக்கொண்டு ஓடினாள். "போதுங்க, போதும், வாங்க" என்று அவர் தோளைப் பிடித்தாள். அவர் திரும்பி, அவள் ஓடிவந்த கோலத்தைப் பார்த்துச் சிரித்தார். கிளிக் என்றது.

பிறகு இருமல் வந்தது. அவரை நூடுல்ஸ் கடை பெஞ்சில் உட்காரவைத்து, குல்லா மாட்டி, மப்ளர் சுற்றி, சூடாகத் தண்ணீர் வாங்கிக் கொடுத்து, முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். எதிரே நின்ற ஆள் தெரியாத அளவுக்கு மேகம் மூடிவிட்டது. இனி ஒரு படம் எடுக்கிற கதை இல்லை, வெளிச்சம் இருந்தாலும் இந்த மனுஷனைத் திரும்ப எழுப்பி நிறுத்த அவளுக்கு மனசு இல்லை. போட்டோக்காரன் கேமராவைக் கொண்டுவந்து அவள் முகத்துக்கு நேரே நீட்டினான். முறைக்கிற படம், அதை மாட்டினால் பேரப்பிள்ளைகள் அந்த அறைக்கே வராது. கண் மூடிய படம், அதை அவள் பார்க்கவே இல்லை, பார்த்த கண்ணை உடனே எடுத்துவிட்டாள், அதில் எல்லாம் முடிந்துபோயிருந்தது. மூன்றாவது படத்தில் லிங்கதுரை இருந்தார். அப்படியே இருந்தார். டெப்போ வாசலில் காய்ப்பையோடு நின்றவளைக் கண்டுபிடித்துச் சிரித்த அதே சிரிப்பு, நோய் இல்லை, வயசு இல்லை, நெற்றியில் திருநீறுகூடக் கலையவில்லை. இத்தனை வருஷத்தில் அவரை இவ்வளவு லட்சணமாக யாரும் பிடித்ததில்லை. அவர் தோளில், ஆள் இல்லாமல், ஒரு கை இருந்தது.

போட்டோக்காரனுக்கு அவள் முகம் மாறியது புரிந்திருக்க வேண்டும். படத்திலிருந்த கையைத் தொட்டுக் காட்டி, கம்ப்யூட்டரில் அழித்துவிடலாம் என்பதுபோல இரண்டு விரலால் துடைத்துக் காட்டினான். அவள் சரி சரி என்று தலையை ஆட்டுவதற்குள் லிங்கதுரை பெஞ்சிலிருந்து கையை நீட்டிக் கேமராவை வாங்கினார். கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டு, போர்டு படிக்கிற மாதிரி, ஓரத்திலிருந்து ஓரம்வரை பார்த்தார்.

"இதான் நல்லாருக்கு" என்றார். குரல் வெறும் காற்றாக வந்தது. "அழிக்க வேண்டாம்னு சொல்லு."

"கை விழுந்திருச்சுல்லா" என்றாள் செல்லக்கனி. சொன்ன பிறகுதான் என்ன சொல்லிவிட்டோம் என்று தெரிந்தது.

"விழட்டும். உங்க அய்யா படத்துல இருக்க மாதிரி எவன் கையோ இல்லல்லா. உன் கைதான. இருந்துட்டுப் போட்டும்."

அவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவரும் அவளைப் பார்க்கவில்லை, வெந்நீரை ஊதி ஊதிக் குடித்தார். அப்படியானால் தாழ்வாரத்துப் போர்டு. அப்படியானால் கண்ணாடி சட்டைப் பையில்தான் இருந்திருக்கிறது. அப்படியானால் இந்த மூன்று மாதமும், தயிர்ச்சாதம் போதும் என்றபோதும், தாஜ்மகாலில் வெயிலில் உட்கார்ந்து நீ போய்ப் பாரு என்றபோதும், ஹரித்துவாரில் கடை கடையாக ஏறி அவளுக்குச் சிவப்புக் கண்ணாடி வளையல் தேடித் தேடி வாங்கியபோதும், வயசான காலத்துல இது எதுக்கு என்று அவள் கேட்டதற்குப் போடுட்டி போடுறவரைக்கும் போடு என்றபோதும். அவளாவது அழுவதற்குக் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள், மகனிடம் போனில் பேசினாள். இந்த மனுஷன் எங்கே போய் அழுதார்? அவர் ஒன்றும் அறியாமல் இருக்கிறார் என்ற நினைப்பு ஒன்றில்தான் அவள் காலூன்றி நின்றுகொண்டிருந்தாள். நமக்குத்தானே, அவருக்கு இல்லையே என்று. அதுவும் போயிற்று. இனி இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்துகொண்டு சாயங்காலம் பஸ்ஸில் ஏற வேண்டும், நாளைக்கு ரிஷிகேஷில் எல்லோரோடும் கங்கையில் முங்க வேண்டும், ஊருக்குப் போய்க் கதவைத் திறந்ததும் மாமனார் மாமியார் படத்துக்குப் பக்கத்தில் இருக்கிற வெறும் சுவரை இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பார்க்க வேண்டும். பேசிவிடலாம். என்னவென்று பேச? ஒரு பயத்தை ஒரு வார்த்தையில் எடுத்துப்போடுகிற ஆளிடமும் இதற்கு வார்த்தை இல்லை.

போட்டோக்காரன் பிரிண்ட் போட்டு, அட்டைக் கவரில் வைத்துக் கொடுத்தான். லிங்கதுரை எழுந்து நின்று வாட்ச்சைப் பார்த்தார். "இந்நேரம் வெடிச்சிருப்பான்" என்றார், பீரங்கி இல்லாத திசையைப் பார்த்து.

இறங்குகிற பெட்டியில் அவர் எதிரே உட்காராமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். வெளியே ஒன்றும் தெரியவில்லை, கம்பி போகிற சத்தம் மட்டும் கேட்டது. செல்லக்கனி கவரிலிருந்து படத்தைப் பாதி வெளியே இழுத்தாள். தோளில் இருந்த கை எவ்வளவு துல்லியமாக விழுந்திருக்கிறது, நகம், நரம்பு, மோதிரம், மணிக்கட்டில் சிவப்பாக ஹரித்துவார் வளையல்கள். அவள் தன் மடியில் கிடந்த கையைப் பார்த்தாள். அதே வளையல்கள். படம் சுவரில் ஏறுகிற அன்றைக்கு இந்தக் கையிலிருந்து இவற்றைக் கழற்றிவிடுவார்கள், அந்தக் கையிலிருந்து யாராலும் கழற்ற முடியாது. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை மூளிக் கையால் அந்த வளையல் கைக்கும் சேர்த்துச் சந்தனம் வைக்க வேண்டியிருக்கும். படத்தை உள்ளே தள்ளிக் கவரை மூடினாள். அவர் அவள் கையை எடுத்துத் தன் தோளில் போட்டுக்கொண்டார், குளிருது என்றார்.

கீழே குற்றாலிங்கம் தலைகளை எண்ணிக்கொண்டு நின்றான். "என்ன அண்ணாச்சி, பனிமல தெரிஞ்சுதா?"

"தெரியல. படம் எடுத்தாச்சு" என்றார் லிங்கதுரை.

"மதினி, வளையல் உடைஞ்சிராம வாங்க, படி வழுக்குது" என்றான் அவன். அவள் பார்த்து இறங்கினாள்.